குருத்தை இழுத்துப் பார்ப்பவர்

உலகத்தில் கெடுப்பவர்கள் உண்டு, திருத்துபவர்கள் உண்டு. இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்றும் உண்டு: உயிர் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பவர்கள். சர்க்கார் இன்னும் இவர்களைக் கணக்கெடுக்கவில்லை. எடுத்தால், எடுக்க வந்தவரையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கும்.

எங்கள் பாலக்கோட்டில் இந்த இனத்துக்குத் தலைவர், பென்ஷன் வாங்கிய சர்வேயர் பச்சியப்பர். விதைத்த நிலக்கடலையை மூன்றாம் நாள் தோண்டி, முளைத்ததா என்று பார்த்து மறுபடி புதைப்பார், உலையில் வேகும் சோற்றை நாலு தரம் திறந்து, நாலு தரமும் 'இன்னும் வேகலை' என்று பெண்டாட்டிக்குத் தகவல் சொல்வார், இரவெல்லாம் அனத்திய காய்ச்சல்காரன் சற்றுக் கண்ணயர்ந்தால் தோளைத் தட்டி, "தூக்கம் வந்துதுங்களா?" என்று கரிசனமாகக் கேட்பார். கெட்டவரா? சேச்சே. தங்கமான மனிதர். அதுதான் ஆபத்து.

1938-ஆம் வருஷம், என் எதிர்வீட்டில் பெண்கள் பள்ளிக்கூடத்து டீச்சர் ஜானகியம்மாள் குடியிருந்தார். அவர் வாசலில் ஒரு விசிறிப் பனங்கன்று. பெங்களூரில் இருந்த அவர் அக்கா, சாவதற்கு முந்திய மாதம் தன் கையால் கொடுத்தது. அதை ஓசூர் வரை பஸ்ஸிலும், அங்கிருந்து சின்ன ரயிலிலும் மடியில் வைத்தே கொண்டுவந்தார் டீச்சர். குளிர் தாங்கும் மரம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஆனால் அந்தத் தை மாதம், எங்கள் ஊரில் அதுவரை கண்டிராதபடி, புல்லெல்லாம் உப்புப் பூத்தது போலப் பனி உறைந்து, ஒரே விடியலில் ஓலை முழுவதும் கருகிவிட்டது. டீச்சர் வாசலிலேயே உட்கார்ந்து அழுதார்.

சாமை விற்க வந்த வத்தல்மலை மல்லையன் கன்றைச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஓலைய அறுத்துப்புடாதீங்கம்மா. கருகுனாலும் குருத்துக்கு அதுதான் போர்வை. பொழுது சாஞ்சா கோணிச்சாக்கைப் போத்துங்க. பங்குனி வெய்யில் ஏறட்டும், தானா துளுக்கும். அதுவரைக்கும் யாரும் கை வெக்கக் கூடாதுங்க."

கை வைக்கக் கூடாதாமே! பச்சியப்பருக்குப் பொறுக்குமா? மறுநாள் காலை ஆஜர். சாக்கை விலக்கி, நடுக்குருத்தை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தார்.

"கெட்டியா இருக்குதுங்க டீச்சரம்மா. உசுரு இருக்குது."

அந்த ஒரு வார்த்தையில் டீச்சர் முகம் மலர்ந்தது. "நாளைக்கும் ஒருவாட்டி பாத்துச் சொல்லுங்களேன்" என்றார். கரும்பு தின்னக் கூலியா? தினமும் வந்தார், தினமும் இழுத்தார், தினமும் தைரியம் சொன்னார். ஐந்தாம் நாள், "லேசா ஆடுதுங்க" என்றார். ஆடாமல் என்ன செய்யும்?

ஒன்பதாம் நாள் குருத்து கையோடு வந்துவிட்டது.

"பாத்தீங்களா? நான் அப்பவே சந்தேகப்பட்டன். உள்ள செத்துப்போச்சுங்க."

டீச்சர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அடியில் அழுகல் இல்லை. வெள்ளை வெளேரென்று, ஈரமாக இருந்தது.

"இன்னிக்குக் காலை வரைக்கும் இது உசுரோடதானுங்களே இருந்திருக்குது?" என்றார். பச்சியப்பர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

ஒரு வாரம் ஊரெல்லாம் அவரைத் திட்டித் தீர்த்தேன். ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. எட்டாம் நாள் ஒன்றுதான் பச்சியப்பர் வராத நாள்; பென்னாகரம் போயிருந்தார். டீச்சர் பள்ளிக்கூடத்தில் இருந்தார். அன்று சாக்கை விலக்கியவன் நான். லேசாகத்தான் இழுத்தேன்.

நீங்களாக இருந்தால் இழுத்திருக்க மாட்டீர்களாக்கும்? சரி, சரி. போன வாரம் உங்கள் கொல்லையில் நட்ட ரோஜாக் குச்சியை, வேர் பிடித்ததா என்று இன்று காலை அசைத்துப் பார்த்தது யார்?