சீனா வழியாக ஜெயங்கொண்டம்

அனுப்புநர்:
பொன்னுச்சாமி, தண்ணீர் லாரி டிரைவர்,
அறை எண் 14, சார்ஜா.

பெறுநர்:
திருமதி மீனாம்பாள் பொன்னுச்சாமி,
ஜெயங்கொண்டம் அருகில்.

பொருள்: சாலை வழியாக ஊர் திரும்புதல், தாங்களும் உடன் வர வேண்டுதல் குறித்து.

மதிப்பிற்குரிய மீனாம்பாள் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நான் சுகமாக இருக்கிறேன். சர்க்கரை நூற்று நாற்பதில் நிற்கிறது, கீழ்வரிசையில் ஒரு பல் போய்விட்டது, மற்றபடி குறை இல்லை. தங்கள் முழங்கால் வலி தைலத்துக்குக் கட்டுப்பட்டிருக்கும் என்று நம்புகிறேன். பேரப்பிள்ளைகளும் சினைமாடும் நன்றாக இருக்க அய்யனாரை வேண்டிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

'தாங்கள்', 'அவர்கள்' என்று எழுதியதைப் பார்த்துச் சிரிக்காதே. எனக்கு எழுதச் சொல்லிக்கொடுத்த கலீலுர் ரஹ்மானுக்குத் தெரிந்த முறை இது ஒன்றுதான். கலீல் பாயை உனக்குத் தெரியும். நேரில் பார்த்ததில்லையே தவிர, இருபத்தைந்து வருஷமாக நீ படித்ததெல்லாம் அவர் கையெழுத்துதான். எங்கள் ரூமில் மேல்கட்டில் அவர், கீழ்க்கட்டில் நான். லீவு விண்ணப்பம் எழுத இந்தக் கேம்பில் அவரை விட்டால் ஆள் இல்லை, அதனால் பெண்டாட்டிக்கு எழுதினாலும் பொருள் போட்டுத்தான் எழுதவேண்டும் என்கிறார். முன்பு ஒரு தடவை, உன் கருவாட்டுக் குழம்பு நினைப்பாகவே இருக்கிறது என்று எழுதச் சொன்னேன். அவர் 'இங்கு சாப்பாட்டு வசதி உண்டு' என்று எழுதி ஒட்டி அனுப்பிவிட்டார். போன வருஷம்தான் அதை ஒத்துக்கொண்டார். ஏன் பாய் இப்படிச் செய்தீர் என்றால், "மதினி அழுதுட்டா அங்க யாருண்ணே பாக்குறது" என்கிறார். அன்றைக்கே முடிவு செய்தேன், இனி என் கடிதத்தை நானே எழுதுவது என்று. அறுபத்தோரு வயதில் 'அ' போட ஆரம்பித்து எட்டு மாதத்தில் இங்கே வந்து நிற்கிறேன். வரி போகப் போக மேலே ஏறுகிறது, அதற்கு மட்டும் என்னால் ஒன்றும் செய்யமுடியவில்லை. ஒரு நாளைக்கு எட்டு வரிதான் ஓடுகிறது. ஆனால் ஒவ்வொரு எழுத்தும் நான் போட்டது.

போனில் சொன்னால் என்ன என்று நீ கேட்பாய். போனை நீ மிக்சியில் சாய்த்து வைத்து ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாய். நம்ம கனகா கேட்கிறாள், மாப்பிள்ளை மணிமாறன் கேட்கிறார், பிள்ளைகள் நடுவில் வந்து நாக்கை நீட்டுகின்றன, பால் ஊற்ற வந்தவர்கூட எனக்கு வணக்கம் சொல்கிறார். நீ சாப்பிட்டீங்களா என்கிறாய், நான் சாப்பிட்டேன் என்கிறேன், இதற்கே இத்தனை வருஷம் போய்விட்டது. நான் இப்போது சொல்லப்போவது பால்காரருக்குத் தெரியவேண்டிய விஷயம் இல்லை.

விஷயம் இதுதான். பங்குனியோடு எனக்கு இங்கே வேலை முடிகிறது, கலாஸ். முப்பத்து நாலு வருஷம் ஓட்டிவிட்டேன். எங்கள் முதலாளி அர்பாப் நல்ல மனுஷர், போகும்போது என்ன வேண்டும் பொன்னு என்று கேட்டார். ஷெட்டில் நிற்கும் வெள்ளை பிக்கப்பைக் காட்டினேன். தண்ணீர் லாரி பழுதாகும்போதெல்லாம் நான் எடுத்துப்போகும் வண்டி அது. அவர் சிரித்துவிட்டு என் பேரில் எழுதிக் கொடுத்துவிட்டார். முன்சீட்டு ஒரே நீளமாக இருக்கும், மூன்று பேர் உட்காரலாம். அதில் நீயும் நானும் உட்கார்ந்து ரோட்டு வழியாகவே ஊருக்கு வருவது என்று தீர்மானித்திருக்கிறேன். நீ முதலில் விமானத்தில் இங்கே வரவேண்டும், பிறகு இரண்டு பேருமாகத் திரும்பிப் போகவேண்டும். போவதற்காக வருவதா என்று கேட்காதே. நான் கணக்குப் பார்த்துவிட்டேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து இன்று வரை எனக்குப் பதினைந்து லீவு, ஒவ்வொன்றும் இரண்டு மாதம். அந்த இரண்டு மாதத்திலும் யார் வீட்டுக் காதுகுத்து, யாருக்கு வாங்கிவந்த சட்டை பிடிக்கவில்லை என்றே பொழுது போய்விடும். நீயும் நானும் மட்டும் ஒரு நாள் முழுக்க ஓர் இடத்தில் உட்கார்ந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. விமானம் நாலு மணி நேரத்தில் கொண்டுபோய்த் திருச்சியில் தள்ளிவிடும், வாசலில் இருபது பேர் நிற்பார்கள், அவ்வளவுதான். ரோட்டில் வந்தால் தொண்ணூற்று நாலு நாள்.

தொண்ணூற்று நாலு எப்படி வந்தது என்று சொல்கிறேன். முதலில் ஷம்சாத் பாயிடம்தான் கேட்டேன். அவர் குவெட்டாக்காரர், இருபது சக்கர வண்டி ஓட்டுகிறவர். ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு வழி வரைந்தார். இங்கிருந்து கப்பலில் வண்டியோடு ஈரான், அங்கிருந்து அவர் ஊர், அவர் அம்மா கையால் நமக்கு ரொட்டி, பிறகு லாகூர், அப்புறம் நம் எல்லையில் வாகா கேட். கோடு அங்கே நின்றுவிட்டது. அதற்கு மேல் உங்க நாடு பாய், எனக்குத் தெரியாது என்றார். அதற்கு மேல் எனக்குத் தெரியும் பாய் என்றேன். இருபது நாளில் வீடு என்று இரண்டு பேரும் டீ குடித்துக் கொண்டாடிவிட்டு, அட்டையை எடுத்துக்கொண்டு விசா டைப்பிங் சென்டரில் இருக்கும் ஜுபைதாவிடம் போனேன். கேரளத்துப் பெண், எவன் பேப்பரைப் பார்த்தாலும் குற்றம் கண்டுபிடிப்பாள். அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அந்தக் கேட் நம்மள மாதிரி ஆளுங்களுக்கு வண்டியோட திறக்காது சேட்டா என்றாள். ஒரே ஒரு கேட். நான் போய் அங்கே நின்று அந்த ஆபீசரிடம் விஷயத்தைச் சொன்னால் விடுவார் என்று இப்போதும் எனக்கு நம்பிக்கை உண்டு. ஜுபைதாவுக்கு இல்லை. அவளே கம்ப்யூட்டரில் தேடிச் சுற்றுவழி ஒன்று கண்டுபிடித்தாள். ஈரானிலிருந்து வடக்கே துர்க்மெனிஸ்தான், உஸ்பெகிஸ்தான், கஜகஸ்தான், பிறகு சீனா, லாவோஸ், தாய்லாந்து, பர்மா, மணிப்பூர், ஜெயங்கொண்டம். ஒரு கேட்டைத் தவிர்க்க ஆசியா முழுக்கச் சுற்றவேண்டியிருக்கிறது. அவள் ஏதோ துக்கச் செய்தி சொல்வதுபோலத் தொண்ணூற்று நாலு நாள் ஆகும் என்றாள். எனக்கு அவள் வாயில் சர்க்கரை போடவேண்டும்போல இருந்தது. பர்மாவில் இப்போது வழி சரியில்லை என்றும் சொன்னாள். நாம் அங்கே போய்ச் சேரத்தான் இரண்டரை மாதம் ஆகுமே, அதற்குள் சரியாகிவிடும்.

வண்டியைச் சோதித்துப் பார்க்கவேண்டாமா என்று போன வெள்ளிக்கிழமை கோர்ஃபக்கான் வரை ஒரு ஓட்டம் விட்டேன். ஆள் உட்கார்ந்தால் சீட்டு எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காகக் கலீல் பாய் வேலை பார்க்கும் கடையிலிருந்து ஐம்பது கிலோ அரிசி மூட்டையை வாங்கி என் பக்கத்தில் நிறுத்தி பெல்ட் போட்டேன். கோபப்படாதே, நீ எத்தனை கிலோ என்று எனக்குத் தெரியாது, ஒரு குத்துமதிப்புதான். முப்பத்து நாலு வருஷத்தில் நான் ஒரு நாளும் வழி தவறியது இல்லை. பச்சைக் கண்ணாடிக் கட்டடம் வந்தால் வலது, ஒட்டகத் தீவனக் கடை வந்தால் இடது, இப்படியே நாடு முழுக்கத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். இப்போது படிப்பு வந்துவிட்டதே. தமிழ் முடித்த கையோடு இங்கிலீஷ் பெரிய எழுத்து இருபத்தாறும் கற்றுவிட்டேன், அதனால் ஒரு போர்டையும் சும்மா விட மனசு வரவில்லை. நான் நாலாவது எழுத்துக்கு வரும்போது போர்டு தலைக்குப் பின்னால் போய்விடுகிறது. இப்படி மூன்று திருப்பத்தை விட்டேன். கடைசியாக ஒரு போர்டை முழுசாகப் படித்து முடித்தபோது வண்டி ஓமான் எல்லைச் சாவடியில் நின்றுகொண்டிருந்தது. அதுதான் நான் முழுசாகப் படித்த முதல் போர்டு, எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆபீசர் குனிந்து பார்த்து, மூட்டையைக் காட்டி அது யார் என்று கேட்டார். வாய்க்கு வந்துவிட்டது, மதாம் என்றேன், இங்கே பெண்டாட்டியை அப்படித்தான் சொல்வார்கள். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. மதாம் பாஸ்போர்ட் எங்கே என்று கை நீட்டினார். இனிமேல்தான் எடுக்கவேண்டும் என்றேன். எடுத்துக்கொண்டு வா என்று ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார். ஆகையால் நீ முதல் வேலையாக பாஸ்போர்ட் எடுக்கவேண்டும். மணிமாறனைத் திருச்சிக்குக் கூட்டிப்போகச் சொல். எதற்கு என்று கேட்டால் ஆதார் மாதிரி இதுவும் ஒன்று இருக்கட்டும் என்று சொல்லிவிடு.

இதில் ஒரே ஒரு சின்னச் சிக்கல் உண்டு. சீனாவில் வெளிநாட்டு வண்டி போனால் அவர்கள் நாட்டு கைடு ஒருவர் வண்டியிலேயே உட்கார்ந்து வரவேண்டுமாம். எல்லையில் ஏறினால் மறு எல்லையில்தான் இறங்குவாராம், இருபத்தாறு நாள். இதை ஜுபைதா சொன்னபோது எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. நாம் தனியாக இருக்கத்தானே இத்தனை தூரம் சுற்றுகிறோம். இரண்டு நாள் யோசித்தேன். யோசித்ததில் அவர் இருப்பதும் நல்லதுதான் என்று தெரிந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது. நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்படிப் பார்த்தால் ஜெயங்கொண்டத்தைவிடச் சீனாவில்தான் நமக்குத் தனிமை அதிகம். அவர் ஜன்னலோரம் வழி பார்த்துக்கொண்டு வரட்டும், நீ நடுவில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொள். கியர் போடும்போது மட்டும் முழங்காலை ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, இடது பக்கம் ஸ்டியரிங் இருக்கும் வண்டியை நம் நாட்டில் நிரந்தரமாக வைத்துக்கொள்ள முடியாதாம். சில மாதத்துக்குள் வந்த வழியே வெளியே கொண்டுபோய்விடவேண்டும் என்கிறாள் ஜுபைதா. இதைச் சொல்லும்போதும் அவளுக்கு அதே துக்க முகம். சட்டம் என்றால் மதிக்கத்தான் வேண்டும். அப்படியானால் திரும்பவும் ஒரு தொண்ணூற்று நாலு நாள். இது அரசாங்கமே சொல்லுவது, என் ஆசை இல்லை.

சாமான் எல்லாம் தயார். ஸ்டவ், குக்கர், போர்வை, உனக்கு முதுகுக்கு வைக்க ஒரு தலையணை. நீ கொண்டுவர வேண்டியது கருவாடு மட்டும். சம்மதம் என்றால் வெள்ளிக்கிழமை போனில் யாருக்கும் புரியாதபடி 'முழங்கால் பரவாயில்லை' என்று சொல். சம்மதம் இல்லை என்றால் ஒன்றும் சொல்லவேண்டாம், நான் புரிந்துகொள்வேன். ஆனால் சம்மதிப்பாய் என்றுதான் நினைக்கிறேன்.

கனகாவுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள், பிள்ளைகளுக்கு முத்தம், மாடு நல்லபடியாக ஈனட்டும். கலீல் பாய் தன் சலாமையும், கருவாட்டு விஷயத்தில் தன் வருத்தத்தையும் தெரிவிக்கச் சொன்னார். தங்கள் மேலான பதிலை எதிர்பார்த்து,

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்துள்ள கணவன்,
பொன்னுச்சாமி

பி.கு.: இதை எழுதி முடிக்க இருபத்திரண்டு நாள் ஆகிவிட்டது. ஒட்டுவதற்குள் இந்த வெள்ளிக்கிழமை போன் வந்துவிட்டது. நடந்தது உனக்கே தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கு மனசில் நிற்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை. கலீல் பாய்தான் மேல்கட்டிலிலிருந்து தலையை நீட்டி, மதினி ரெடியாயிட்டீங்களா, அண்ணன் வண்டிக்குப் பாலிஷ் எல்லாம் போட்டாச்சு, சீனா வழியாத்தான் கூட்டிட்டுப் போறாரு என்று உளறிவிட்டார். வீடே சிரித்தது. கனகா சொன்னாள்:

"அப்பா, அம்மாவுக்குப் பஸ்ஸுன்னாலே வாந்திப்பா. ஜெயங்கொண்டம் போயிட்டு வர்றதுக்கே ரெண்டு கேரி பேக் வேணும்."

எனக்குத் தெரியவே தெரியாது மீனாம்பாள். எப்போதிலிருந்து என்று கேட்டேன். நீ சொன்னாய்:

"கல்யாணம் முடிஞ்சு விருத்தாசலத்துலேருந்து பஸ்ல வந்தோமே, அன்னைலேருந்து. நீங்கதான் டிரைவர் பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டே வந்தீங்க."

மறுபடி எல்லோரும் சிரித்தார்கள், பால்காரரும் சிரித்தார். நான் போனை வைத்துவிட்டேன். கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்று எடுத்தேன், இருபத்திரண்டு நாள் என்பதால் கை வரவில்லை. அப்போதுதான் நீ திரும்பக் கூப்பிட்டாய். ஸ்பீக்கர் இரைச்சல் இல்லை. மாட்டின் மணிச்சத்தம் கேட்டதால் கொட்டகைக்கு வந்து பேசுகிறாய் என்று தெரிந்துகொண்டேன். எத்தனை நாள் என்று கேட்டாய். சொன்னேன். அப்புறம் கேட்டாய்:

"அந்த ஊருலயெல்லாம் எலுமிச்சம்பழம் கிடைக்குமா?"

ஜுபைதாவிடம் கேட்டுவிட்டேன். துர்க்மெனிஸ்தானுக்கு மட்டும் அவளால் உறுதி சொல்லமுடியவில்லை, அதற்கு இங்கிருந்தே ஒரு கூடை எடுத்துக்கொள்கிறேன். மேலே எழுதியதில் உட்காரும் ஏற்பாட்டை அடித்துவிடவும். வாந்தி வருகிறவர்களுக்கு ஜன்னலோரம்தான் சரி, அது உனக்கு. ஆனால் அப்படியானால் சீனாவில் கைடு நமக்கு நடுவில் வந்துவிடுவார். அதனால் வண்டி ஓட்டத் தெரிந்த கைடாகப் பார்த்து அனுப்பச் சொல்லி எழுதப்போகிறேன். அவர் ஓட்டட்டும், நான் நடுவில் உன் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்கிறேன். திரும்பவும் டிரைவர் பக்கத்திலா என்று பயப்படாதே. அவரோடு பேச எனக்குச் சீன பாஷை தெரியாது.