சிவப்புப் பழமும் திரிந்த பாலும்

இனி இந்த உடம்புக்குள் ஓர் ஊசியும் நுழையாது என்று சாப்பாட்டு மேசையில் அறிவித்தேன். நாக்கு வறளட்டும், தலை சுற்றட்டும், ரத்தப் பரிசோதனை கிடையாது. தினம் ஒரு டிராகன் பழம். சர்க்கரை, கொழுப்பு, மலச்சிக்கல் எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும் என்று அலைபேசியில் ஒருவர் அடித்துச் சொல்லியிருந்தார்.

மனைவி சண்டைக்கு வரவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"சரிங்க. நானே வாங்கிட்டு வரேன்."

சாயங்காலம் வாங்கி வந்தாள். வெட்டினால் உள்ளே ரத்தச் சிவப்பு.

"வெள்ளையால்ல இருக்கும்?"

"வெள்ளை எல்லாரும் திங்கறது. உங்க வைராக்கியத்துக்கு இதுதான் சரி. ரெண்டா சாப்பிடுங்க."

சாப்பிட்டேன்.

காலையில் கழிப்பறையில் நின்றவன் நின்றபடியே உறைந்துபோனேன். சிவப்பு.

நான் அச்சகத்தில் பிழை திருத்துபவன். ஊரார் பிழையையெல்லாம் சிவப்பு மையால் சுழித்தவன். இப்போது என்னையே யாரோ சுழித்துவிட்டார்கள். இத்தனை நாள் எதற்குப் பயந்தேன்? ஊசிக்கா, அது சொல்லப்போகும் சேதிக்கா?

"ஏங்க, உள்ளேயே குடித்தனமா?"

"வரேன்... காபி?"

"பால் திரிஞ்சு போச்சு. ஏன் மூஞ்சி வெளுத்திருக்கு?"

"வெளிச்சம் அப்படி."

"ஓ, வெளிச்சமா!"

துணி மடிக்க உட்கார்ந்தாள். ஒவ்வொரு மடிப்பையும் நீவி நீவி. அந்த நிதானமே என்னைப் பாதி கொன்றது. இன்னொரு முறை உள்ளே போய் வந்தேன். மீதியும் போயிற்று.

"கிளம்பு. டாக்டர்கிட்ட போகலாம்."

"ஐயையோ, ஊசி குத்துவாங்களே?"

"எத்தனை வேணும்னாலும் குத்தட்டும்!"

நான் செருப்பைத் தேடும்போதே அவள் தலை சீவி, பையோடு வாசலில் நின்றாள்.

நர்ஸ் ரத்தம் எடுத்தாள். நான் கண்ணைத் திறக்கவில்லை. டாக்டர் என் மகள் வயதுப் பெண். சிறுநீரையும் சோதித்துவிட்டுக் கேட்டார்.

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"டிராகன் பழம். சிவப்பு."

சிரித்துவிட்டார். "இதுல ரத்தமே இல்லை சார். அந்தப் பழத்தோட சாயம். தானா போயிடும். நல்ல பழம்தான், அளவா சாப்பிடுங்க. ஆனா அதை நம்பி பரிசோதனையை விட்டுடாதீங்க. நல்லவேளை, வெறும் வயித்துல வந்தீங்க. சர்க்கரை சரியாத் தெரிஞ்சிடும்."

வெளியே வந்ததும் போன உயிர் திரும்பியது. கூடவே கோபமும்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"அக்கா வீட்டுல சாப்பிட்டுட்டு நானும் இப்படித்தான் அலறிக்கிட்டு ஓடினேன்" என்றபடி பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தாள். ஆவி பறக்கும் காபி.

"பால் திரிஞ்சு போச்சுன்னியே?"

"ரத்தம் குடுக்கறவரைக்கும் நீங்க எதையும் குடிக்கக் கூடாதே. அதான் நீங்க எழுந்திரிக்கறதுக்கு முன்னாடியே போட்டு ஒளிச்சு வெச்சேன்."

வாங்கி ஒரு வாய் குடித்தேன். அதில் சர்க்கரையே போடவில்லை.