குழாயடியில் உறங்கியவர் மீதான நடவடிக்கை

தண்ணீர் இலாகாவில் மீட்டர் கணக்கெடுப்பது லேசுப்பட்ட உத்தியோகமல்ல. ஓடாத தண்ணீர் எவ்வளவு ஓடியது என்று மாதாமாதம் எழுதிக் கொடுக்க வேண்டும். நம்முடைய மீட்டர்க்காரர் இதைப் பதினெட்டு வருஷமாகச் செய்துவந்தார். வீடு வீடாகப் போவார். மீட்டரின் முகத்தைத் துணியால் துடைப்பார். போனில் அதை ஒரு படம் பிடிப்பார். பிறகு முன்னும் பின்னும் பொடி எழுத்தால் நிரம்பிய ஒரு படிவத்தை வீட்டுக்காரரிடம் நீட்டுவார். "இதுல என்ன எழுதியிருக்கு?" என்று யாராவது கேட்டால் அவரிடம் ஒரே பதில்தான் உண்டு.

"சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. கையெழுத்தைப் போடுங்க."

ஜனங்களும் போட்டார்கள். பதினெட்டு வருஷத்தில் ஒருவர்கூட அதைப் படித்ததில்லை. மீட்டர்க்காரரும் படித்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

மீட்டரைப் படம் பிடித்துப் பிடித்து மனுஷனுக்குப் படப் பித்து ஏறிவிட்டது. காலம் அப்படி. கையில் போன் இருக்கிறவரெல்லாம் கலைஞர் என்று ஆகிவிட்ட பிறகு, இவர் மட்டும் ஏன் மீட்டரோடு நிற்க வேண்டும்? நடைபாதையில் உலரும் குடை, தபால்பெட்டி மேல் உட்கார்ந்த புறா, ஒற்றைச் செருப்பு என்று எதையும் விடவில்லை. வீட்டில் டீயைக்கூடப் படம் பிடித்த பிறகுதான் குடிக்க வேண்டும். சரியான வெளிச்சம் வருவதற்குள் டீ ஆறிப்போய்விடும். "கலைக்காக டீயைத் தியாகம் பண்ணலாம், என் டீயை ஏன் பண்றீங்க?" என்று மனைவி கேட்பாள். அவள் கணக்கு டீச்சர். கேள்வி கேட்பது அவள் தொழில்.

அவருடைய தலைசிறந்த படம் அவருடைய மாமனாரை எடுத்தது. மாமனார் முப்பது வருஷம் ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வராத வண்டிகளுக்காக ஊரிடம் மன்னிப்புக் கேட்டுக் கேட்டுப் பழகிய குரல். அந்தக் குரலோடு அவர் மகள் வீட்டுப் பின்கட்டில், குழாயடியில் வாளியை வைத்து, பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீருக்காகக் காத்திருப்பார். அன்றைக்கு மூன்று மணி நேரம் காத்திருந்து வாய் பிளந்து தூங்கிவிட்டார். காலி வாளி. குழாய் நுனியில் விழலாமா வேண்டாமா என்று ஒரே ஒரு சொட்டு. மீட்டர்க்காரர் 'கிளிக்' பண்ணினார். பார்த்தவர்களுக்கு முதலில் சிரிப்பு வரும், அப்புறம் என்னவோ போல இருக்கும். அப்படி ஒரு படம்.

அந்தச் சமயத்தில்தான் தண்ணீர் இலாகா 'நீரும் நாமும்' என்று ஒரு புகைப்படப் போட்டியை அறிவித்தது. தண்ணீர் கொடுக்க முடியாதபோது போட்டியாவது நடத்துவோம் என்ற உயர்ந்த நோக்கம். மீட்டர்க்காரர் படத்தை ஏற்றினார். பதினான்கு பக்க விதிமுறைகள் வந்தன. கடைசியில் ஒரு சின்னக் கட்டம், அதன் பக்கத்தில் 'படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்' என்று இருந்தது.

"படிச்சீங்களா?" என்றாள் மனைவி, விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

"சும்மா ஒரு ஃபார்மாலிட்டி" என்று சொல்லிக் கட்டத்தைத் தொட்டார் மீட்டர்க்காரர்.

முதல் பரிசு அவருக்கே கிடைத்தது. ஒரு சான்றிதழும், இலாகா முத்திரை போட்ட ஒரு காலிக் கோப்பையும் கொடுத்தார்கள். அடுத்த வாரம் ஊரெல்லாம் பெரிய பெரிய பலகைகள் முளைத்தன. எல்லாவற்றிலும் மாமனார். அதே நாற்காலி, அதே பிளந்த வாய். ஆனால் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. வாளி நிரம்பி வழிந்து அவர் கால்வரைக்கும் வெள்ளம். மேலே கொட்டை எழுத்தில்: 'நாங்கள் விழித்திருக்கிறோம். நீங்கள் நிம்மதியாக உறங்குங்கள்.'

மாமனார் பஸ் நிறுத்தத்தில் தன்னைத்தானே பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார். முப்பது வருஷமாகப் பொய் நேரம் சொன்னவர் என்றாலும், பொய்த் தண்ணீர் அவருக்குப் பொறுக்கவில்லை.

"மாப்பிள்ளை, நான் எப்ப இதுக்குச் சம்மதம் குடுத்தேன்?"

மகள் விதிமுறைகளை எடுத்து வாசித்தாள். "இருபத்தோராவது விதி. படத்தில் இருப்பவர் எழுத்துமூலம் சம்மதித்திருக்கிறார் என்று உறுதி கூறுகிறேன். உறுதி கூறினது நீங்க."

"அவர் தூங்கிக்கிட்டு இருந்தாரே, எப்படிக் கேக்குறது?" என்றார் மீட்டர்க்காரர்.

"தூங்குறவர் வேண்டாம்னு சொல்லலை, அதனால சம்மதம். ரொம்ப நல்ல கணக்கு. முப்பத்தேழாவது விதியையும் கேளுங்க. அனுப்பின எல்லாப் படமும், ஜெயிச்சாலும் தோத்தாலும், என்றென்றைக்கும் இலாகாவுக்கே சொந்தம். மாத்தலாம், கூட்டலாம், குறைக்கலாம். எடுத்தவர்கூட அனுமதி இல்லாம யாருக்கும் காட்டக் கூடாது."

மீட்டர்க்காரர் கோப்பையைப் பார்த்தார். வேறு எங்கே பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பத்தாம் நாள் பதிவுத்தபாலில் ஒரு நோட்டீஸ் வந்தது. 'மேற்படி வீட்டில் வசிக்கும் முதியவர், குழாயைத் திறந்துவிட்டு உறங்கிப் பொதுமக்களின் தண்ணீரை வீணடித்தது, நகரின் நாற்பது இடங்களில் வைக்கப்பட்டுள்ள படத்தின் மூலம் ஐயந்திரிபற நிரூபணமாவதால், பதினைந்து நாட்களுக்குள் தக்க விளக்கம் அளிக்கத் தவறின் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும்.'

வாரத்துக்கு அரை வாளி கொடுக்கிற குழாய்தான். ஆனாலும் அந்த அரை வாளிதான் அந்த வீட்டில் சமையல். மாமனார் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு, குழாயடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்த மீட்டர்க்காரர் அரை நாள் லீவு போட்டுவிட்டுத் தலைமை அலுவலகத்துக்கு ஓடினார்.

விளம்பரப் பிரிவில் ஓர் அதிகாரி இருந்தார். மீட்டர்க்காரர் நடந்ததையெல்லாம் சொன்னார்.

"சார், என் படத்துல தண்ணியே இல்லை. நீங்கதான் கம்ப்யூட்டர்ல ஊத்தியிருக்கீங்க."

"ஊத்தலை. மேம்படுத்தினோம்."

"அப்ப இந்த நோட்டீஸ்?"

"அது அமலாக்கப் பிரிவு. எனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. அதோ, அந்த மேஜைல கேளுங்க."

அந்த மேஜையில் ஆள் இல்லை. மீட்டர்க்காரர் போய் நின்றார். விளம்பர அதிகாரி எழுந்தார், மூக்குக்கண்ணாடியை மாற்றினார், நடந்து வந்து அந்த மேஜையில் உட்கார்ந்தார். அமலாக்கப் பிரிவு அவருக்குக் கூடுதல் பொறுப்பு.

"சொல்லுங்க, என்ன விஷயம்?"

மீட்டர்க்காரர் முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். அதிகாரி முதல் தடவை கேட்கிறவர் மாதிரியே கேட்டு, உச்சுக்கொட்டி வருத்தப்பட்டார்.

"அநியாயமா இருக்கே! ஒரிஜினல் படத்தைக் காட்டுங்க, நோட்டீஸை ரத்து பண்ணிடுறேன்."

மீட்டர்க்காரர் போனை எடுத்தார். அதிகாரி இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார். "காட்டாதீங்க! அது விளம்பரப் பிரிவோட சொத்து. அவங்க அனுமதி இல்லாம பார்த்தா நானே குற்றவாளி."

"அவங்கன்னா நீங்கதானே சார்?"

"அந்த மேஜைக்குப் போனா."

"அப்ப போய் அனுமதி குடுத்துட்டு வாங்களேன்."

"எழுத்துமூலமா கேக்கணும். நான் அவருக்கு எழுதுவேன். அவர் பதில் போட முப்பது வேலை நாள் ஆகும்."

"கெடு பதினஞ்சு நாள்தான் சார்!"

அதிகாரி அந்தப் பக்கத்து மேஜையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன? அவர் கொஞ்சம் மந்தமான ஆள்."

நொந்துபோய் வெளியே வந்த மீட்டர்க்காரர் படிக்கட்டிலேயே உட்கார்ந்து போனில் தேடினார். 'உலகப் படைப்பாளர் உரிமை மீட்பு மையம். பறிபோன உங்கள் படத்தை மீட்டுத் தருகிறோம். கட்டணம் இல்லை.' அவர் எழுதினார். ஐந்தே நிமிஷத்தில் பதில் வந்தது. 'மதிப்பிற்குரிய கலைஞர் அவர்களுக்கு' என்று தொடங்கியது. தன் சொந்த இலாகாவிலிருந்து ஐந்து மாதமாக ஒரு லீவு விண்ணப்பத்துக்குக்கூடப் பதில் வராத மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு சீக்கிரம் பதில் வந்ததே, அப்போதாவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. மையம் கேட்டபடி ஒரிஜினல் படம், அடையாள அட்டை, வெள்ளைத்தாளில் ஒரு கையெழுத்து எல்லாவற்றையும் அனுப்பிவைத்தார். கடைசியில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அதையும் தொட்டார்.

மையம் அன்று சாயங்காலமே காணாமல் போனது. நான்கு நாள் கழித்து, மெத்தைக் கடை விளம்பரத்தில் மாமனார் தூங்கிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை ஒரிஜினல் படம். காலி வாளி, ஒற்றைச் சொட்டு, எதுவும் மாறவில்லை. 'நாற்காலியிலேயே இப்படி என்றால், எங்கள் மெத்தையில்?' என்று மட்டும் கீழே எழுதியிருந்தது. விசாரித்தால், மெத்தைக்காரர் முறைப்படி எழுதி வாங்கிய பத்திரத்தைக் காட்டினார். அடியில் மீட்டர்க்காரர் கையெழுத்து.

"இதையே சாட்சியா காட்டலாமே! தண்ணி இல்லைன்னு பளிச்சுன்னு தெரியுதே!" என்று விளம்பரத்தாளோடு மறுபடி ஓடினார் மீட்டர்க்காரர். அதிகாரி அமலாக்க மேஜையில் இருந்தார்.

"இது இலாகாகிட்டயிருந்து திருடின படம். திருட்டுச் சாமானைச் சாட்சியா எடுத்துக்க முடியாது" என்றார். பிறகு எழுந்து விளம்பர மேஜைக்குப் போய், படத்தை வெளியே கசியவிட்டதற்காக மீட்டர்க்காரருக்கு இன்னொரு நோட்டீஸ் எழுதிக் கையிலேயே கொடுத்தார்.

கெடு முடிந்த அன்று காலை பதினொரு மணிக்கு அதிகாரி ஒரு குழாய்ப் பணியாளரோடு வீட்டு வாசலில் வந்து நின்றார். மனைவி பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, இலாகாவின் குடிநீர் இணைப்பு விதிப்புத்தகத்தோடு தயாராக இருந்தாள்.

"சார், உங்க விதி அம்பத்திரண்டு என்ன சொல்லுது? இணைப்பைத் துண்டிக்கிறதுக்கு முன்னாடி அதுல தண்ணி ஓடுதுன்னு உறுதி பண்ணிக்கணும். இதுல எங்க ஓடுது?"

அதிகாரி புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். முகம் தொங்கிப்போயிற்று. ஆனால் இலாகா அவ்வளவு லேசில் தோற்காது. போனை எடுத்தார். "தெரு வால்வைத் திறங்க. ஆமா, முழுசா. துண்டிக்கணும்."

பத்து நிமிஷம் எல்லோரும் வாசலிலேயே வழக்கடித்துக்கொண்டு நின்றார்கள். பின்கட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது என்ன சத்தம் என்று வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. கேட்டே பல வருஷம் ஆகியிருந்தது. புரிந்ததும் அடித்துப்பிடித்துக்கொண்டு பின்பக்கம் ஓடினார்கள்.

குழாய் கொட்டோ கொட்டென்று கொட்டியது. வாளி நிரம்பி வழிந்தது. விடியற்காலையிலிருந்து காத்திருந்த மாமனார் நாற்காலியில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் அவர் காலை நனைத்துக்கொண்டிருந்தது. ஊரில் நாற்பது பலகைகளில் இருந்த படம், இம்மியும் பிசகாமல்.

அதிகாரிக்கு உடம்பு சிலிர்த்தது. "பார்த்தீங்களா? எங்க விளம்பரத்துல ஒரு பொய்யாவது இருக்கா?" என்று சொல்லி, சாட்சிக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

மாமனார் விழித்தார். தண்ணீரைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி பதினான்கு பக்கப் படிவத்தை நீட்டினார். "இணைப்புத் துண்டிப்புக்கு நீங்க கையெழுத்துப் போடணும். போட்டதும் வால்வை மூடிடுவோம்."

"போடலைன்னா?"

"போடுற வரைக்கும் மூட முடியாது. விதி."

மாமனார் மருமகனைத் திரும்பிப் பார்த்தார். மீட்டர்க்காரரின் வாய் பதினெட்டு வருஷப் பழக்கத்தில் திறந்துவிட்டது. மனைவி முறைத்த முறைப்பில் அப்படியே மூடிக்கொண்டது.

"நான் படிச்சிட்டுத்தான் போடுவேன்" என்றார் மாமனார். கண்ணாடியை மாட்டினார். தொண்டையைச் செருமினார். முப்பது வருஷக் குரல் எழுந்தது. "கனிவான கவனத்திற்கு. பக்கம் ஒன்று. விதி ஒன்று." ஒவ்வொரு விதியையும் இரண்டு தடவை வாசித்தார். நடுநடுவே, "தாமதத்திற்கு வருந்துகிறோம்" என்றார்.

அந்தக் குரல் தெருக்கோடி வரை கேட்டது. சேதி பரவியதும் தெருவே குடமும் வாளியும் அண்டாவுமாகக் குழாய்களைத் திறந்தது. அதிகாரி இரண்டு மணி நேரம் நின்றபடியே காத்திருந்தார். ஒரு குடிமகனுக்காக ஓர் அதிகாரி காத்திருந்ததை மீட்டர்க்காரர் தன் சர்வீஸில் அன்றுதான் பார்த்தார். மாமனாரை நினைத்து அவருக்கு அப்படி ஒரு பெருமை. பதினான்காம் பக்கம் முடிந்து, தெருவில் நிரப்ப ஒரு டம்ளர்கூட மிச்சமில்லை என்றான பிறகுதான் மாமனார் பேனாவைத் திறந்தார். வால்வு மூடியது. குழாய்க்கு சீல் வைத்தார்கள்.

"எப்பவும் போலத்தான் இருக்கு" என்றார் மாமனார், சீல் வைத்த குழாயைப் பார்த்து.

மீட்டர்க்காரர் தெருவுக்கு வந்தார். பெரியவருக்கு நன்றி சொல்லத் தெருவே கூடியிருக்கும் என்று நினைத்தார். தெரு கூடித்தான் இருந்தது. கொட்டுகிற குழாய், வழிகிற வாளி, பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு தாங்கள் என்று வீட்டுக்கு வீடு எடுத்த படங்களை எல்லோரும் போனில் தட்டிக்கொண்டிருந்தார்கள். 'நீரும் நாமும்: இரண்டாம் சுற்று' போட்டிக்கு அன்றுதான் கடைசி நாளாம்.

"ஐயோ, அனுப்பாதீங்க!" என்று கத்தினார் மீட்டர்க்காரர். "அந்தக் கட்டத்தைத் தொடாதீங்க! முதல்ல படிங்க!"

எதிர்வீட்டு அம்மாள் கட்டத்தைத் தொட்டுவிட்டு, பதினெட்டு வருஷமாகத் தெரிந்த மனுஷரைப் பார்த்து அன்பாகச் சிரித்தாள்.

"என்ன சார் நீங்களே இப்படிப் பயப்படுறீங்க? சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதானே!"