என் பெயர் ஒட்டிய சளிக் கிண்ணம்

ஹிசாரில் இருக்கும் தம்பி தயாசந்துக்கு,

அண்ணன் ஜிலே சிங்கின் ஆசிகள். எருமைகள் மூன்றும் நலம், உன் அண்ணியும் நலம். என் நலம் குறித்து இருவேறு தகவல்கள் உள்ளன.

உறுதியான தகவல்: திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு வந்த ஆய்வகத் தாளின்படி என் சளியில் காசநோய்க் கிருமி இருக்கிறது. தாளைத் தந்தவள் சுகாதாரப் பணியாளர் பிம்லா. முப்பத்திரண்டு ஆண்டுகள் மாவட்ட நிருபராக இருந்தவன் சொல்கிறேன், இது பொய். மூன்று வாரமாக இருமுகிறேன், மாலையில் காய்ச்சல், எடை நான்கு கிலோ குறைந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் என் பெயர் ஒட்டிச் சோதனைக்குக் கொடுத்த அந்தச் சளிக் கிண்ணத்தில் கிருமி இருக்க வழியே இல்லை. யாரோ கிண்ணத்தை மாற்றியிருக்கிறார்கள், இல்லையென்றால் இயந்திரமே சரியில்லை. பிம்லாவிடம் கேட்டேன். "மிஷினுக்கு உங்க மேல என்ன பகை, பெரியப்பா? ஆறு மாசம் விடாம மாத்திரை போடுங்க, சரியாயிடும்" என்று சொல்லி, தன் கண் முன்னாலேயே விழுங்க வைத்தாள். மறுநாள் சிறுநீர் ஆரஞ்சு நிறம்! நான் வாயைத் திறப்பதற்குள், "அது மாத்திரை நிறம்தான், பயப்படாதீங்க" என்கிறாள். கேட்கும் முன்பே பதில் சொல்பவர்களை நான் எந்நாளும் நம்பியதில்லை.

அது போகட்டும். நம் ஊரில் எல்லோரும் முறை வைத்துப் புகைக்கும் ஹூக்காக் குழாய் ஒருவன் கைக்கு வராவிட்டால் அவன் ஊரிலேயே இல்லாதவன். செவ்வாய்க்கிழமை சாவடியில் என் முறை வந்தபோது பக்கத்து வீட்டுச் சாந்த்கிராம், நம் சாந்த்கிதான், குழாயைப் பிடுங்கிக்கொண்டான்.

"ஏய் பத்திரிகைக்காரா, தள்ளி உக்காரு. உன் சூடான செய்தி எங்களுக்கு வேணாம்!"

எல்லோரும் சிரித்தார்கள். அந்த வழியாக வந்த பிம்லா, "இருமுறப்ப காத்துல பரவுற நோய் இது. கூட உக்காந்தவங்க எல்லாரும் சோதிச்சுக்கணும்" என்றாள்.

"எனக்கா? கடா மாதிரி இருக்கேன் மகளே!" என்று நெஞ்சைத் தட்டிய சாந்த்கி இருமினான். புகையால் வந்த இருமலாம். என் இடத்துக்கு ஆசைப்பட்டு இவனே சதி செய்தானோ என்று யோசிக்கிறேன்.

குழந்தைகளுக்கு என் ஆசி.

அண்ணன்,
ஜிலே சிங்

பி.கு.: நான் வெளியிடும் முதல் திருத்தம் இது. அந்தக் கிண்ணத்தில் இருந்தது சாந்த்கியின் சளி. குழாய் பறிபோகுமே என்று பயந்து, ஊரிலேயே உறுதியான நெஞ்சைத் தேடினேன். ஒரே இருமலில் யார் அதிகம் துப்புவது என்று பந்தயம் கட்டினேன், அவன் ஜெயித்தான். இன்று காலை பிம்லாவிடம் ஒப்புக்கொண்டேன். திட்டித் தீர்த்துவிட்டு, இரண்டு புதுக் கிண்ணங்கள் தந்தாள். சாந்த்கிக்கு இன்னும் தெரியாது. சாவடியில் அவனைச் சுற்றிப் பதினோரு பேர், நடுவில் இருந்து இருமுகிறான். சொல்லத்தான் கிளம்புகிறேன். இருவர் முடிவும் வரும் திங்கட்கிழமை.