மிகாகேவுக்கு இரண்டு பட்டை

உகாய் தொமோனோரிக்கு நாற்பத்து மூன்று வயது. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஆனாலும் அவருடைய புருஷன்மேல் நானூறு பேருக்குக் கோபம் இருந்தது.

தப்பு அவருடையதுதான். உகாய் டோக்கியோவுக்கு வடக்கே ஒரு நகராட்சி அலுவலகத்தில் குடும்பப் பதிவேட்டுப் பிரிவில் உட்கார்ந்திருப்பவர். கல்யாணமோ, விவாகரத்தோ, வீடு மாற்றமோ, எந்தப் படிவமானாலும் ஆண், பெண் என்று இரண்டு கட்டம் இருக்கும். ஒன்றில் குறி போடாமல் வந்தால் பணிவாகத் தலை வணங்கித் திருப்பிக் கொடுப்பார். அதற்குத்தான் சம்பளம். விடுமுறை நாட்களில் அவர் வரைவதோ, எந்தக் கட்டத்துக்குள்ளும் அடங்காத ஒருவரின் படுக்கையறைக் கதைகள்.

அந்த ஒருவர்தான் மிகாகே. முப்பத்திரண்டு வயது. பழங்காலத் துறைமுக ஊர்களில் மருந்துப் பெட்டி சுமந்து விற்கும் ஆள். முகம் ஒன்று சொல்லும், தோள் வேறொன்று சொல்லும், இடுப்புக் கச்சை அவிழ்ந்தால் இரண்டுமே உண்மை என்று தெரியும். கப்பல்காரர்கள், விதவைகள், விடுதி முதலாளிகள் என்று யாராக இருந்தாலும் முதலில் குழம்புவார்கள், பிறகு குழப்பமே தேவலை என்று ஆகிவிடுவார்கள். பெரியவர்களுக்கு மட்டும் விற்கிற புத்தகம். உகாய் தானே வரைந்து, தானே அச்சடித்து, ஆண்டுக்கு இருமுறை நடக்கும் படக்கதை விழாவில், தான் முகம் காட்டாமல் கூலிக்கு ஆள் வைத்து விற்பார்.

அரசாங்க ஊழியர் பக்க வியாபாரம் செய்யக்கூடாது என்பதால் ஷிரானுய் அயாமே என்று ஒரு பெண் பெயர் வைத்துக்கொண்டார். அதோடு நின்றிருக்கலாம். இந்த மாதிரிப் புத்தகங்களில் கடைசிப் பக்கத்தில் வரைந்தவர் நாலு வரி சொந்தக் கதை எழுதுவது வழக்கம். முதல் புத்தகத்தில் எழுத ஒன்றும் தோன்றாமல், "என் புருஷன் ஒரு தட்டுகூடக் கழுவுவதில்லை" என்று எழுதி வைத்தார்.

வாசகர்களுக்கு அது பிடித்துப் போயிற்று. அடுத்த புத்தகத்தில் புருஷன் ஏப்பம் விட்டான். அதற்கடுத்ததில் ஓவியத்தின்மேல் சோயா சாஸைக் கொட்டினான். ஏழாவது புத்தகம் வந்தபோது விவாகரத்து வக்கீலின் விலாசத்தோடு மூன்று கடிதங்கள் வந்தன.

நாலாவது கடிதம் இகராஷி என்ற பத்திரிகை ஆசிரியையிடமிருந்து. "முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஒரே ஒரு கோட்டைப் பார்த்தாலே வரைந்தது ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுவேன். உங்கள் மிகாகேயை ஒரு பெண்ணால்தான் வரைய முடியும். பெண்கள் மட்டுமே வரையும் புதிய மாத இதழில் அவர் தொடராக வர வேண்டும். ஆகஸ்ட் விழாவில் உங்கள் மேஜைக்கு வருகிறேன்."

வேண்டாம் என்று எழுதியிருக்கலாம். ஆனால் பதினாலு வருஷமாக உகாய்க்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். மிகாகே அட்டைப்பெட்டியிலிருந்து எழுந்து நிஜமான புத்தகக் கடையில் நிற்க வேண்டும். அதற்காக ராஜினாமாக் கடிதத்தைக்கூட மூன்று தடவை எழுதிப் பார்த்திருக்கிறார், மூன்றையும் கிழித்தும் போட்டிருக்கிறார்.

எனவே அக்காவுக்குப் போன் செய்தார். மிட்சுயோ அக்கா சோஷி துறைமுகத்தில் மீன் கடை வைத்திருப்பவள்.

"அக்கா, ஒரு நாள் நீ நானா இருக்கணும்."

"உனக்கு நீயா இருக்கவே வரலையாடா?"

"சும்மா உக்காந்தா போதும். கலைப் புத்தகம் விக்கணும்."

"ஞாயித்துக்கிழமைதான் விலாங்கு மீன் நல்லா விக்கும். இருந்தாலும் வரேன். நீ எங்கிட்ட ஏதாச்சும் கேட்டே பத்து வருஷம் ஆச்சு."

விழா நாளன்று கடலோரக் கண்காட்சிக் கூடத்தில் அவர்களுக்குப் பாதி மேஜை. அக்கா பூப்போட்ட பாவாடையில் வந்து உட்கார்ந்தாள். விழாத் தொண்டர் ஒருவர் வந்து, கதவு திறக்குமுன் பார்க்க வேண்டிய மாதிரிப் பிரதியைக் கேட்டார். மறைக்க வேண்டியதைக் கறுப்புப் பட்டையால் மறைத்திருக்கிறார்களா என்று பக்கம் பக்கமாகப் பார்ப்பார்கள். சட்டம் அப்படி. அதுவும் அவர் ரயில்வே டிக்கெட் பார்ப்பவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"சென்செய்," என்றார் அக்காவிடம். வரைபவர்களுக்கு அந்த மரியாதை உண்டு. "மத்தவங்களுக்கு ஆளுக்கு ஒரு பட்டை. உங்க மிகாகேவுக்கு ரெண்டு வேணும். பதினாலாம் பக்கத்துல ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணு எங்க?"

"எதுக்கு இன்னொண்ணு?" என்று கேட்டபடி அக்கா முதல் தடவையாகப் புத்தகத்தைத் திறந்தாள்.

உகாய் கண்ணை மூடிக்கொண்டார்.

இருநூறு பிரதியிலும் கையால் பட்டை போட்டால்தான் விற்கலாம் என்று சொல்லிவிட்டுத் தொண்டர் போய்விட்டார். கதவு திறக்க முக்கால் மணி நேரம் இருந்தது. இருவரும் ஆளுக்கொரு கறுப்புப் பேனாவோடு உட்கார்ந்தார்கள்.

"கலைப் புத்தகம்னு சொன்னே."

"இதுவும் கலைதான்க்கா."

"இது ஆம்பிளையா, பொம்பளையா?"

"ரெண்டும்."

அக்கா கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தாள். "கொடுத்து வச்ச ஆளு," என்றாள்.

இருபது பிரதி முடிவதற்குள் பேனாவை மூடி வைத்துவிட்டு முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்துவிட்டாள். மீதி நூற்றெண்பதையும் உகாயே போட்டார்.

"ஏண்டா, அந்தக் கப்பல்காரன் திரும்பி வருவானா?"

"அடுத்த பாகத்துல."

"அடுத்த பாகம் எங்க?"

"இன்னும் வரையல."

"இங்க உக்காந்து என்ன பண்றே அப்போ? போய் வரை."

கதவு திறந்தது. கூட்டம் வந்ததும் அக்காவுக்குள் இருந்த மீன்காரி எழுந்துகொண்டாள். "வாங்க வாங்க, காலையில வந்த சரக்கு. கண்ணைப் பாருங்க, எவ்வளவு தெளிவா இருக்கு. வீட்டுக்குப் போனதும் தீர்த்துடணும், நாளைக்கு வச்சிக்கக் கூடாது." பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வரிசை தூணைச் சுற்றி வளைந்தது.

லாரி ஓட்டும் ஒருவர், புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு தரையைப் பார்த்தபடி பேசினார். "நாள் முழுக்க எல்லாரும் என்னை அண்ணே அண்ணேங்கிறாங்க, சென்செய். அண்ணன்னா இப்படித்தான் பேசணும், இப்படித்தான் நிக்கணும். மிகாகேயைப் படிக்கிறப்ப மட்டும் நான் யார் பக்கம்னு எனக்கே தெரியாது. உடம்பெல்லாம் லேசாயிடுது."

அடுத்து ஒரு நர்ஸ். "இந்தக் கதையில யார் முதல்ல டீ ஊத்தணும்னு சட்டம் இல்ல சென்செய். படுக்கையிலகூட முறை மாறி மாறி வருது. எங்க வீட்ல இதைச் சொன்னா கை கொட்டிச் சிரிப்பாங்க."

அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து உகாய் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். கடிதத்தில் படித்ததுண்டு, காதால் கேட்டதில்லை. சந்தோஷத்தில் அவருக்கு அழுகை வந்துவிட்டது. நான்தான் வரைந்தேன் என்று சொல்ல முடியாத வயிற்றெரிச்சலும் கூடவே வந்தது.

அவர் மூக்கைச் சிந்தியது நர்ஸின் காதில் விழுந்தது. "இவர் யாரு, சென்செய்?"

அக்கா கடைசிப் பக்கத்தையும் படித்து முடித்திருந்தாள். கதை ஒத்துப்போக வேண்டும் என்கிற நல்ல எண்ணத்தில், "இவனா? என் புருஷன்," என்றாள்.

வரிசை மொத்தமும் அவர் பக்கம் திரும்பியது.

"நீங்கதானா அது?" என்றாள் நர்ஸ். "தட்டு கழுவுறீங்களா?"

"கழுவுறேன்," என்றார் உகாய். அது உண்மை. தனியாக இருப்பவர் வேறென்ன செய்வார்.

"எப்பலேர்ந்து?"

"ரொம்ப நாளா..."

"பொய் வேற சொல்றார்," என்றார் லாரிக்காரர், வருத்தமாக.

வேறு வழியில்லாமல் உகாய் எழுந்து நின்று, இடுப்பு வரை குனிந்து, தாமே கற்பனை செய்த ஒரு சோம்பேறிக்காகத் தம்மையே சாடி மன்னிப்புக் கேட்டார். பாத்திரம், துணி, குளியலறை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வாக்குறுதி வாங்கிக்கொண்டார்கள். சென்செய்க்குப் பரிசாகக் கொண்டு வந்திருந்த, பாத்திரம் கழுவும் ரோஸ் நிற ரப்பர் கையுறையை ஒரு பெண்மணி இவர் கையில் திணித்தாள்.

அந்தச் சூடு ஆறுவதற்குள் ஒருவர் வெள்ளை ஓவியப் புத்தகத்தை நீட்டினார். "சென்செய், மிகாகே ஒண்ணு போட்டுத் தாங்களேன்." வாசகர் கேட்டால் அந்த இடத்திலேயே வரைந்து கொடுப்பது இந்த விழாக்களில் பழக்கம். அக்காவுக்கு ஒரு மத்தி மீன்கூட வரைய வராது.

"மணிக்கட்டுல சுளுக்கு," என்றாள்.

உடனே நாலு பேர் பையிலிருந்து வலிப்பட்டை எடுத்து அவள் வலது கையில் ஒட்டினார்கள்.

"ஆனா சென்செய், நீங்க இடது கைன்னு நாலாவது புத்தகத்துல எழுதியிருந்தீங்களே," என்றார் லாரிக்காரர். நல்ல வாசகர் கிடைத்தால் இந்தத் தொல்லை உண்டு.

"அதுலயும் சுளுக்கு."

இடது கையிலும் ஒட்டினார்கள். முழங்கை வரை மருந்து வாசனையோடு அக்கா இரண்டு கையையும் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். புத்தகம் எடுத்துக் கொடுக்க ஆளில்லை. வரிசை நகரவில்லை. தொண்டர் வந்து எச்சரித்துவிட்டுப் போனார்.

உகாய் அவள் காதில் சொன்னார். "வரையக் கேக்கறவங்க புத்தகத்தையெல்லாம் வாங்கி மேஜைக்கு அடியில எங்கிட்ட தள்ளு. ஒரு மணிக்கு வந்து வாங்கிக்கச் சொல்லு."

மேஜை விரிப்புக்குக் கீழே, முழங்காலை மடக்கிக்கொண்டு, வியர்வை சொட்டச் சொட்ட உகாய் வரைந்தார். லாரிக்காரருக்கு மருந்துப் பெட்டியோடு ஒரு மிகாகே. நர்ஸுக்கு யாரோ ஊற்றிக் கொடுத்த டீயைக் குடிக்கும் மிகாகே. இடம் போதவில்லை, காற்று இல்லை, மேலே அக்கா கூவுகிறாள். ஆனாலும் பதினாலு வருஷத்தில் அவர் இவ்வளவு நன்றாக வரைந்ததில்லை. ஆறாவது படத்தில் கண்ணுக்கு மை வைத்துக்கொண்டிருந்தபோது விரிப்பு தூக்கப்பட்டது.

சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஐம்பது வயதுப் பெண்மணி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மடியில் ஈரம் காயாத மிகாகே. இடது கையில் பேனா.

"நான் இகராஷி," என்றாள். "கொஞ்சம் வெளிய வரீங்களா?"

சரக்கு வண்டிகள் நிற்கும் பின்வாசலில் வெயில் கொளுத்தியது. இகராஷி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஷிரானுய் அயாமே நீங்கதான். உள்ள இருக்கிறது சும்மா உக்காத்தி வச்ச ஆளு."

இனிப் பொய் சொல்ல உகாயிடம் தெம்பில்லை. பொய்யால் சரி செய்யப் பார்த்ததெல்லாம் எங்கே கொண்டு வந்து விட்டிருக்கிறது என்று ரோஸ் கையுறையைப் பார்த்தாலே தெரிந்தது. உண்மையைச் சொல்லி, மிகாகேயை இழந்துவிட்டு, வீட்டுக்குப் போய்விடலாம் என்று முடிவு செய்தார்.

"மன்னிச்சிடுங்க. என் பேரு உகாய் தொமோனோரி. நகராட்சியில வேலை. கல்யாணமே ஆகல. புருஷன் கதை எல்லாம் புளுகு. உள்ள இருக்கிறது என் அக்கா, மீன் விக்கிறாங்க. நான் ஆம்பிளை."

இகராஷி கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"உங்களை ஏமாத்திட்டேன். ஆனா மிகாகே புளுகு இல்லைங்க. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ரெண்டு கட்டத்தையே பார்த்துட்டு இருக்கேன். அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற கோட்டுமேலயே ஒருத்தர் பாயை விரிச்சு, நிம்மதியா, புடிச்சவங்களோட படுத்துக்கிட்டா எப்படி இருக்கும்னு தோணிச்சு. அந்த ஆளா நான் இருந்தா நல்லா இருக்குமேன்னும் தோணிச்சு. அவ்வளவுதான். தொடர் வேண்டாம்னா சொல்லிடுங்க, தாங்கிக்குவேன்."

தாங்கிக்கொள்ள மாட்டார் என்பது அவர் குரலிலேயே தெரிந்தது. அவள் நம்புவதற்காக அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். பெயர், பிறந்த தேதி, பாலினம் ஆண்.

இகராஷி அட்டையை வெயிலில் பிடித்துப் பார்த்தாள், விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு உகாயை மேலிருந்து கீழ்வரை நிதானமாக ஒரு தடவை பார்த்தாள். வழுக்கை விழுந்த உச்சி, சவரம் சரியாகப் படாத தாடை, தொப்பை, சாயம் போன காலுறை. அவள் கண் கலங்கியிருந்தது. பையைத் திறந்து ஒப்பந்தத்தை எடுத்தாள், அட்டையோடு சேர்த்து அவர் கையில் வைத்தாள்.

"இல்லைங்க, நான் நிஜமாவே..."

"போதும் சென்செய், தொப்பையும் வழுக்கையும் போலி அட்டையுமா ஒரு ஆம்பிளையை இவ்வளவு தத்ரூபமா ஜோடிக்க ஒரு பொம்பளையால மட்டும்தான் முடியும். ஆனா உள்ள பாவாடை கட்டி உக்காத்தி வச்சிருக்கீங்களே, அந்த ஆளை யாருங்க பொம்பளைன்னு நம்புவாங்க?"