முகம் எடுப்பாய்த் தெரியும் சுவர்

"கொஞ்சம் சிரி சாலா, மொகமே தெரியல."

"சிரிச்சா பல்லு மட்டுந்தாம்பா தெரியும்" என்றாள் மகள் சாலம்மாள்.

கள்ளக்குறிச்சியில் புதிதாய்க் கட்டிய வீட்டின் கூடத்தில், அவளை முக்காலியில் அமர்த்திவிட்டு ஐந்தடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கினார் அரங்கநாதன். முன்பு வந்த இரண்டு வரன்களும் 'பொண்ணு கலரு கம்மி' என்று கைகழுவிப் போயிருந்தன. ஞாயிறன்று சின்னசேலத்து வரன். பின்னால் சுவர் அடர்நிறமாயிருந்தால் முகம் எடுப்பாய்த் தெரியும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. விடியுமுன் எழுந்து, கார்முகில் வண்ணனைப் பாசுரம் பாடிப் பரவும் அந்த அடியாருக்கு, அதே வண்ணம் தம் மனையில் வந்து பிறந்தது மட்டும் பெருங்கவலையாயிருந்தது.

"அரக்கு கண்ணுக்குச் சூடுங்க, கருநீலம் குளுமை. எது வேணும்?" என்றான் பெயிண்டர் முனியன்.

"சூடே இருக்கட்டும். மங்கலம்."

வியாழனன்று சுவர் அரக்கானது. சாலம்மாளிடம் இருந்த ஒரே பட்டும் அரக்கு. புடைவை சுவரோடு ஐக்கியமாயிற்று.

"அய்யய்யோ, தலை மட்டும் அந்தரத்துல தொங்குதே!" என்று அலறினாள் மனைவி ராணியம்மாள். "நீலம் அடிங்க!"

வெள்ளியன்று சுவர் கருநீலமானது. டியூப்லைட்டைப் போட்டதும் மகள் பத்து நாள் காய்ச்சலில் கிடந்தவள்போல் தோன்றினாள்.

"ரெண்டையும் அடிடா முனியா!"

சனியன்று சங்கரநாராயணர் திருமேனிபோல் சுவர் பாதி அரக்கும் பாதி கருநீலமுமாய் நின்றது.

"இன்னாப்பா இது? நான் எந்தக் கட்சின்னு கேக்கப் போறாங்க" என்றாள் சாலம்மாள்.

ஞாயிறு காலை. இரவு பெய்த மழை ஈரத்தில் பெயிண்ட் காயவில்லை. வந்தவர்களோ அரைமணி முன்னதாகவே வந்துவிட்டார்கள். யாரும் சாய்ந்துவிடாதபடி அரங்கநாதன் இரு கைகளையும் விரித்துச் சுவரைக் காத்து நின்றார். மாப்பிள்ளை வீரமுத்துவை ஏறிட்டுப் பார்க்கவும் அவருக்கு நேரமில்லை.

சாலம்மாள் வந்தாள். அப்பாவையும் சுவரையும் பார்த்தாள். முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய், வெயில் கொட்டிய ஜன்னலோரம் போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நல்லாப் பாத்துக்குங்க. இதாங்க என் கலரு."

அரங்கநாதன் கண்ணை மூடி அரங்கனை அழைத்தார். முதுகு சுவரில் ஒட்டிக்கொண்டது.

மாப்பிள்ளையின் தாய் எழுந்து நேரே அவரிடம் வந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"பொண்ணை எங்களுக்குப் புடிச்சிப் போச்சுங்க. அத்த வுடுங்க, இதுல எந்தக் கலர்ல மொகம் எடுப்பாத் தெரியுது? நீங்க மாப்ள வூடு பாக்க வருவீங்களேன்னு, எம் புள்ளைய ஒக்கார வெச்சி நாலு நாளா எங்க செவுத்துக்கும் அடிச்சிக்கினுதாங்க இருக்கோம்!"