ஆய்வேடு பேசும் கடை

விண்வெளி ஆராய்ச்சி மையத்தின் வாசலில் காவலாளி உண்டு, கேமரா உண்டு, அடையாள அட்டை இல்லாமல் ஈ கூட உள்ளே நுழைய முடியாது. ஆனால் உள்ளே இருக்கிற எங்கள் தலையெழுத்து எதிர்வரிசையில், சலவைக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே, ஒரு பத்தடி அறையில் தீர்மானமாகிக்கொண்டிருந்தது. ஜெராக்ஸ், லேமினேஷன், ஆய்வேடு பைண்டிங் என்று போர்டு. சாயங்காலம் ஐந்து மணிக்கு அங்கே நிற்கிற வரிசையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! சூரியனின் சூட்டை அளந்தவர், சனியின் வளையத்தை எண்ணியவர், பால்வீதிக்கே எடை போட்டவர், எல்லாரும் ஆளுக்கொரு தடித்த புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, தடுப்பூசி போட வந்த தாய்மார்களைப் போல நிற்பார்கள்.

எதற்கு என்கிறீர்களா? அங்கே ஆய்வேடு பேசும்.

கடைக்காரருக்குக் கைராசிக்காரர் என்று பெயர். அவர் கையால் பைண்ட் செய்தால் முனைவர் பட்டம் நிச்சயம் என்று யாரோ ஒரு புண்ணியவான் கிளப்பிவிட்டான். இந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு பைண்டிங் கடையே கிடையாது. தேறியவனும் அவரிடம்தான் பைண்ட் செய்தான், தோற்றவனும் அவரிடம்தான் செய்தான். தோற்றவன் திரும்பி வந்து சாட்சி சொல்லவா போகிறான்? நாளெல்லாம் புள்ளிவிவரம் பேசுகிற எங்கள் மண்டையில் இந்தச் சின்னக் கணக்கு ஏறவில்லை.

பிறகு அவர் தனக்குத் தானே பதவி உயர்வு கொடுத்துக்கொண்டார். ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு, மூன்று தேர்வாளர்கள் எப்போது படிப்பார்கள், என்ன எழுதுவார்கள் என்று தெரியாமல் மாதக்கணக்கில் நகம் கடித்துக்கொண்டிருப்போம். அந்த நேரத்தில் நம் கையிலிருக்கும் பிரதியை அவரிடம் கொண்டுபோக வேண்டும். அட்டையில் கை வைப்பார். கண்ணை மூடுவார். "இன்னும் வாயத் திறக்கல தம்பி, அடுத்த வாரம் வா" என்பார். திடீரென்று ஒரு வாரம் ஏடு வாயைத் திறந்துவிடும். "ரெண்டு பேரு மெச்சுறாங்க. மூணாவது ஆளு, கடல் தாண்டி இருக்கிறவரு, அஞ்சாம் அத்தியாயத்துல முறைக்கிறாரு." சில வாரம் கழித்து அறிக்கை நம் கைக்கு வரும். பிரித்துப் பார்த்தால் அச்சு அசலாக அப்படியே இருக்கும். புல்லரிக்குமா, அரிக்காதா?

பரிகாரமும் வைத்திருந்தார். ஒரு கறுப்புத் தாள். வாய்மொழித் தேர்வுக்குக் கொண்டுபோகும் ஐந்து பிரதியிலும் அதை முதல் பக்கமாகச் சேர்த்து மறுபடி பைண்ட் செய்ய வேண்டும். கூலி தனி. "கருந்துளை எப்படி எல்லாத்தையும் உறிஞ்சுதோ, அப்படி இது கெட்ட அலையை உறிஞ்சிக்கும்" என்பார். கருந்துளையைப் பற்றிப் பன்னிரண்டு கட்டுரை எழுதிய பேராசிரியர் ஒருவர் பக்கத்தில் நின்று தலையாட்டினார். நான் மட்டும் என்ன யோக்கியமா? வால்நட்சத்திரங்களை ஆராய்ந்து, மையம் முழுக்க வால் என்று பெயரெடுத்த நானும் சேர்த்தேன். தேர்வாளர் ஒருவர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்னப்பா?" என்றார். "இருண்ட பொருள் சார்" என்று சமாளித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். பட்டம் எனக்கு வந்தது, புகழ் கைராசிக்காரருக்குப் போனது.

இந்த லட்சணத்தில்தான் புள்ளியின் முறை வந்தது. சூரியப் புள்ளிகளை ஏழு வருடம் படமெடுத்து எண்ணியவள், அதனால் அவள் புள்ளி. ஒரு புள்ளி வெடிப்பதற்கு முன் அதன் ஓரம் லேசாக நடுங்குகிறது என்று அவள் கண்டுபிடித்திருந்தாள். அதுதான் நாலாம் அத்தியாயம். நான்கு வருட உழைப்பு. அதை எழுதிய காலத்தில்தான் அவள் மகளுக்குப் பேச்சு வந்தது. குழந்தை முதலில் சொன்ன வார்த்தை அம்மா இல்லை, டேட்டா. புள்ளியின் உதவித்தொகை போன மாதத்தோடு நின்றுவிட்டது. ஒரு வானாய்வகத்தில் வேலை தயாராக இருந்தது. அடுத்த மாதக் கடைசிக்குள் பட்டத்தோடு வந்து சேர வேண்டும், இல்லாவிட்டால் வேலை வேறொருவருக்கு.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கைராசிக்காரர் அவள் ஏட்டின்மேல் கை வைத்தார். சுட்டதுபோல் உதறினார்.

"தங்கச்சி, நாலாம் அத்தியாயம் எரியுதும்மா! ஒண்ணு ரெண்டு இடமில்ல, பதினோரு இடத்துல எரியுது. அதைப் பிச்சு எறிஞ்சிட்டுத் திரும்பச் சமர்ப்பிங்க. இல்லேன்னா பட்டத்துக்கே கண்டம்."

"கறுப்புத் தாள் சேர்த்தா போதாதாண்ணே?" இப்படிக் கேட்டது புள்ளி இல்லை, கூடவே வந்திருந்த அவள் கணவர். பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். விசில் ஊதினால் ஐந்நூறு பிள்ளைகள் அசையாமல் நிற்பார்கள். அன்று அவர்தான் அசையாமல் நின்றார்.

"இதுக்கெல்லாம் தாள் தாங்காது சார். மொத்தமும் புதுசா பைண்ட் பண்ணணும்."

அத்தியாயத்தை எடுப்பதென்றால் ஏட்டையே திரும்பப் பெற வேண்டும். அடுத்த புதன்கிழமை ஆய்வேட்டுக் குழு கூடுகிறது, அதற்குள் கடிதம் கொடுத்தாக வேண்டும். மறுபடி மூன்று தேர்வாளர், மறுபடி ஒரு வருடம். வானாய்வக வேலை போயே போச்சு.

மறுநாள் நாங்கள் உட்கார்ந்து வேலை செய்யும் அறையில், நான்கு மேசைக்கு நடுவே, அந்தக் கடிதம் தட்டச்சாகிக் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

"நிஜமாவே எடுக்கப் போறியா?" என்றேன்.

"எனக்கு நம்பிக்கையெல்லாம் இல்ல வால். ஆனா அந்த ஆள் சொன்னது ஒண்ணாச்சும் தப்பாயிருக்கா? உனக்குச் சொன்னாரு, நடந்துச்சே. ஏழு வருஷம்டா. பாதி ஏடாச்சும் தேறட்டும்." எனக்கு வெட்கமாக இருந்தது, அவளுக்குச் சாட்சியாக நின்றவன் நான்தானே.

பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே வந்திருந்த அவள் கணவர் அவள் தோளில் கை வைத்தார். "வேலை போனா வேற வேலை பார்த்துக்கலாம்மா. பட்டமே இல்லைன்னா நீ தாங்கமாட்ட." நல்ல மனிதர், மனதாரத்தான் சொன்னார். பயம் பாசத்தின் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தால் யாரால் எதிர்த்துப் பேச முடியும்?

ஜன்னலோர மேசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "அவருக்கு எப்படித் தெரியும்?"

"கைராசி" என்றேன் நான்.

"அது பதில் இல்லண்ணா. அது பேரு."

அவள் தூசி. கோள்களுக்கு நடுவே மிதக்கிற தூசியைப் படிக்கிறவள், இரண்டாம் வருடம், ஆள் சின்னது, வாய் பெரிது. உடனே ஒரு தாளை எடுத்துக்கொண்டு, ஏடு பேசிய பதினாறு பேரிடமும் போய் ஒரே கேள்வி கேட்டாள்: எந்தத் தேதியில் பேசியது? பதினாறு தேதியும் செவ்வாய்க்கிழமையில் வந்து விழுந்தன. செவ்வாய்க் கிரகத்தை ஆராய்கிறவர் மட்டும், "எங்க ஆளோட பவர் அப்படி" என்று மீசையை முறுக்கிக்கொண்டார்.

தூசி கிரகத்தை விட்டுவிட்டு அலுவலக உதவியாளர் அக்காவைப் பிடித்தாள். "அக்கா, செவ்வாய்க்கிழமை நம்ம ஆபீஸ்ல என்ன நடக்கும்?"

"என்ன நடக்கும், தபால் பிரிப்பாங்க. தேர்வாளர் அறிக்கை வந்திருந்தா மூணு காப்பி எடுக்கச் சொல்லுவாங்க. நம்ம ஜெராக்ஸ் மெஷின்தான் ரெண்டு வருஷமா படுத்துக் கிடக்கே. எதிர்க்கடையில குடுத்துட்டு, ஒரு டீ குடிச்சிட்டு வந்து..." அக்கா பேச்சை நிறுத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யய்யோ! அதுமேல ரகசியம்னு முத்திரை குத்தியிருக்குமேடி!"

தூசி இதை வந்து சொன்னபோது புள்ளியின் கணவர் ஒப்புக்கொள்ளவில்லை. "அவர் அதை எடுத்துப் படிச்சதை யாராச்சும் கண்ணால பார்த்தீங்களா? காப்பி எடுக்கிறது அவர் தொழில். கைராசி வேற விஷயம்."

"நியாயம்தான் அண்ணா" என்றாள் தூசி. "அப்ப சோதிச்சுப் பார்த்துடுவோம். வர்ற செவ்வாய்க்கிழமை நீங்களும் வாங்க. புள்ளிக்கா கையெழுத்துப் போடுறதை அதுவரைக்கும் தள்ளிப் போடட்டும்."

அடுத்த ஊருக்கு பஸ் ஏறிப் போய் ஒரு புத்தகம் பைண்ட் செய்துகொண்டு வந்தாள். கறுப்பு அட்டை, தங்க எழுத்து: நிலவின் மறுபக்கத்து மண். பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, இல்லாத ஒரு தேர்வாளரின் பெயரில் அதே தலைப்புக்கு ஓர் அறிக்கை தயாரித்தாள். செவ்வாய்க்கிழமை காலை அது மற்ற காகிதங்களோடு அக்காவின் நீல ஃபைலில் தெருவைக் கடந்தது. அக்கா வழக்கம்போல டீ குடிக்கப் போனாள்.

சாயங்காலம் கூட்டம் நெரிந்தது. தூசி வரிசையில் நின்று புத்தகத்தை நீட்டினாள். பின்னால் புள்ளி, அவள் கணவர், நான். கைராசிக்காரர் முதுகுப்புறத் தலைப்பைப் படித்தார். முகம் மலர்ந்தது.

"வேற கடையில பைண்ட் பண்ணியிருக்கியே பாப்பா. பாதிக் கண்டம் அங்கேயே வந்தாச்சு." கை வைத்தார். கண்ணை மூடினார். சலவைக் கடைக்காரர்கூட இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "பேசுது... ஏழாம் அத்தியாயம். ஐயோ, ஒன்பது இடத்துல எரியுது. வயசான தேர்வாளர் ஒருத்தரு ரொம்பக் கோவமா இருக்காரு. ஏழாம் அத்தியாயத்தை எடுத்துடு."

"எடுத்துடவா?"

"எடுத்துடும்மா."

"நீங்களே எடுத்துக் குடுங்கண்ணே" என்று தூசி புத்தகத்தை விரித்து மேசைமேல் போட்டாள்.

வெள்ளைத் தாள். திருப்பினார், வெள்ளைத் தாள். முன்னூறு பக்கமும் புத்தம் புதிய, பேனா முனை படாத, சுத்த வெள்ளைத் தாள்.

"ஏழாம் அத்தியாயம் எங்கேண்ணே? நான் ரெண்டாம் வருஷம். முதல் அத்தியாயமே இன்னும் எழுதல."

கூட்டம் முழுக்க எட்டி அந்த வெற்றுத் தாளைப் பார்த்தது. ஆனால் ஆள் லேசுப்பட்டவரா? ஒரே நொடியில் சுதாரித்தார். "நீ எழுதப் போறதுதான் பாப்பா பேசுது! எழுதாத தாள்லயும் அலை இருக்கும்." நீங்கள் நம்பமாட்டீர்கள், கூட்டத்தில் நாலு பேர் "ஆமா, இருக்கும் இருக்கும்" என்றார்கள்! அதில் இருவர் முனைவர்கள்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு உதவியாளர் அக்கா உள்ளே வந்தாள். "அலையா? அந்த ஒன்பது கேள்வி எழுதின காகிதத்தைக் காலையில உங்கிட்ட குடுத்ததே நான்தான்யா! மூணு காப்பி கேட்டா நீ எத்தனை எடுத்த?" கேட்டபடியே மெஷினுக்குக் கீழிருந்த இழுப்பறையை ஒரே இழுப்பாக இழுத்தாள். உள்ளே எங்கள் எல்லாருடைய ஜாதகமும் அடுக்கியிருந்தது. ஒவ்வொன்றிலும் ரகசியம் என்ற முத்திரையும் சுத்தமாகப் பிரதியாகியிருந்தது.

மேலே இரண்டாவதாக இருந்தது புள்ளியின் அறிக்கை. அவள் கணவர் எடுத்துவிட்டார். அவள் "வேண்டாங்க, அதைப் படிக்கக் கூடாது" என்பதற்குள் முதல் பத்தியை உரக்க வாசித்துவிட்டார். "நாலாம் அத்தியாயம்தான் இந்த ஆய்வேட்டின் உயிர். கடந்த பத்து ஆண்டுகளில் இப்படி ஒன்றை நான் படித்ததில்லை. எனக்குப் பதினோரு கேள்விகள் உள்ளன. ஆராய்ச்சியாளரிடம் நேரில் கேட்க ஆவலோடு காத்திருக்கிறேன்."

காகிதத்திலிருந்து நிமிர்ந்த அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாகவும் பயமாகவும் இருந்தது.

"இதுல எங்கய்யா எரியுது?"

"அது... கேள்விக்குறியா இருந்துச்சு சார். பதினொண்ணு இருந்துச்சு. கேள்வி கேட்டா கோவம்னுதானே அர்த்தம்?"

புள்ளியின் அறிக்கையை ஒழுங்காகப் படிக்கக்கூட இல்லை அந்த மனிதர், அத்தியாய எண்ணைப் பார்த்துக் குறிகளை மட்டும் எண்ணியிருக்கிறார். அவ்வளவு சோம்பேறியிடம்தான் ஏழு வருட உழைப்பை ஒப்படைக்க இருந்தோம். புள்ளி அறிக்கையைப் பிடுங்கி அக்காவின் ஃபைலில் வைத்தாள். கைப்பையிலிருந்த கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தாள். அழுதாள், சிரித்தாள், பிறகு கணவரின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அவர் வாங்கிக்கொண்டார்.

கைராசிக்காரர்மேல் மையம் புகார் கொடுத்தது. ஜெராக்ஸ் மெஷின் மூன்றே நாளில் பழுது பார்க்கப்பட்டது. இரண்டு வருடமாக முடியாத காரியம். ஜனங்கள் திருந்திவிட்டார்கள் என்று அவசரப்பட்டு நினைக்காதீர்கள். பட்டமளிப்பு அங்கி தைக்கிற தையல்காரருக்கு நல்ல ராசி என்று இப்போது ஒரு பேச்சு அடிபடுகிறது.

புள்ளிக்கு அந்த மாதமே வாய்மொழித் தேர்வு நடந்தது. பத்துக் கேள்விக்குப் பதில் சொன்னாள். பதினோராவதுக்கு, "தெரியல சார், இன்னும் ரெண்டு வருஷம் அளந்து பார்த்தாத்தான் சொல்ல முடியும்" என்றாள். தேர்வாளர் எழுந்து வந்து கை குலுக்கினார்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கு அவள் ஏழு வருடம் படிக்க வேண்டியிருந்தது. எல்லாம் தெரியும் என்று சொல்ல ஓர் இழுப்பறை போதும். அடுத்த முறை எவனாவது கண்ணை மூடிக்கொண்டு உங்களிடம் பேச ஆரம்பித்தால், தயவுசெய்து நீங்கள் உங்கள் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.